சனிக்கிழமைத் துணி

குச்சனூர்ச் சனி பகவான் கோயிலுக்கு வந்து குளித்துவிட்டு, உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விடுகிறவர்கள் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். பார்த்தால் விட்ட சனி கூடவே வந்துவிடும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அதனால் சங்கிலியம்மாள் பதினோரு வருடமாக மனிதர்களின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரம் சொட்டும் முதுகு, மூட்டு வலிக்குப் பிளாஸ்திரி ஒட்டிய முதுகு, அவசரமாகப் புதுச் சட்டைக்குள் நுழைகிற முதுகு. முகம் பிடிபடுவதற்குள் வேனில் ஏறிவிடுவார்கள். அவர்கள் போனபின் தண்ணீரில் இறங்கி, அவர்கள் விட்டதை அள்ளிக் கரையில் போடுவது அவள் வேலை.

சனிக்கிழமை முழுக்க இதேதான். ஆடி மாதத்துச் சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். படித்துறையின் கீழ்ப்படியிலும், கோரைப்புல்லிலும், மதகு ஷட்டர் கம்பியிலும் வேட்டியும் சேலையும் சுற்றிக்கொண்டு தண்ணீரையே போகவிடாது. கொக்கி கட்டிய மூங்கில் கம்பால் இழுக்க வேண்டும். வேட்டி வந்துவிடும். நனைந்த ஜீன்ஸ் பேன்ட்தான் ஆளை உள்ளே இழுக்கும். இரண்டு காலிலும் மணலை வாரிக்கொண்டு அது கிடக்கிற கிடையைப் பார்த்தால், உள்ளே ஆள் இருக்கிறானோ என்று முதல் வருடம் அவளுக்குப் பயம் வந்ததுண்டு. இப்போது பயமெல்லாம் இல்லை, முட்டி வலிதான். விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆறுவதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்துவிடுகிறது.

அள்ளிய துணியை, ஆற்றைச் சுத்தம் செய்யும் காண்ட்ராக்ட்காரரின் டிராக்டர் ஏற்றிக்கொண்டு போகும். ஊருக்கு வெளியே ஒரு பள்ளம். அங்கே கொட்டிக் கொளுத்திவிடுவார்கள். ஊருக்கு வெளியே என்பது ஊர்க்காரர்களுக்கு. சங்கிலியம்மாள் தெருவுக்கு அது பக்கத்துப் புறம்போக்கு. நைலான் சேலை எரிகிற புகை ஞாயிற்றுக்கிழமை காலையில் சோற்றுப் பானைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் புருசன் வீரணன் ஓடைப்பட்டித் திராட்சைப் பந்தலில் இருபது வருடம் மருந்தடித்துவிட்டு, நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வந்து கட்டிலில் கிடந்தான். புகை வந்தால் அவன் இருமுவான். இருமல் நின்றால், ஏன் நின்றது என்று இவள் எட்டிப் பார்ப்பாள்.

எரிப்பதற்கு முன் நல்ல துணியாக நாலு எடுத்துக்கொள்ளலாமே என்று அவளுக்குத் தோன்றியது இந்தப் புகையால்தான். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. எடுக்கிற துணி எரியாது, அவ்வளவுதான். மகள் திரிஷா தையல் படித்துவிட்டுக் கட்டிக்கொண்டு போனபோது மிஷினை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். சங்கிலியம்மாள் துணியை அண்டாவில் போட்டு, சோடா உப்பும் வேப்பிலையும் போட்டு வேகவைத்து, வெயிலில் இரண்டு நாள் காயவிட்டு, பையாகத் தைத்தாள். தெருவில் எல்லோர் கையிலும் அந்தப் பைதான். ரேஷன் கடைக்கும் அதுதான், ஆஸ்பத்திரிக்கும் அதுதான். சனி தொட்ட துணி என்று அந்தத் தெருவில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்தத் தெருவுக்குச் சனி புதிதா என்ன.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஆற்றைவிட்டுக் கரையேற வேண்டும். தண்ணீரில் இறங்காமல், காய்ந்த தரையில், நாற்காலியில் உட்கார்ந்து மிஷினை மிதிக்க வேண்டும். இதை சூப்பர்வைசர் குருசாமியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "யாராச்சும் ஒரு பெரிய ஆளு ஒங்கிட்டப் பையி வாங்கட்டும் சங்கிலி. அதக் காட்டி நான் காண்ட்ராக்ட்டர்ட்டப் பேசுறேன். குப்பக் கெடங்குல ஒரு தகரச் செட்டு சும்மாத்தேன் கெடக்கு. ரெண்டு மிஷினு போட்டு ஒக்காந்துக்க. எரிக்கிற டீசலாச்சும் மிச்சமாகும்ல" என்றார். ஒரு வருடமாக அந்தப் பெரிய ஆளுக்காகத்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

வந்தது பெரிய ஆள் இல்லை, ஒரு பெண். பெயர் ஷெரின். தேனி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஞானசிகாமணியின் மகள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஆறு சுத்தம் செய்கிறோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் ஒரே நிறத்து பனியன் போட்டுக்கொண்டு வந்தார்கள். கையுறை மாட்டி, படம் எடுத்து, பதினொரு மணிக்குப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இந்தப் பெண் மட்டும் போகவில்லை. மத்தியானம் வரை தண்ணீரில் நின்றாள். சும்மா சொல்லக் கூடாது, ஜீன்ஸ் பேன்ட்டை இழுக்கத் தெரிந்துகொண்டாள். பிறகு சங்கிலியம்மாள் கூடவே வீட்டுக்கு வந்து, கொடியில் காய்ந்த பைகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது எல்லாமே ஆத்துத் துணியா?"

"ஆமா தாயி. சனிக்கிழம குளிக்க வர்றவுக விட்டுட்டுப் போறது. நல்லா வேகவச்சுத்தேன் தைக்கிறேன்."

"எனக்கு ஆவணில கல்யாணம் அக்கா. ஒரு பிளாஸ்டிக்கூட இல்லாம பண்ணணும்னு அப்பாட்ட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். பாட்டில் தண்ணி இல்ல, அப்பா கடை எவர்சில்வர் டம்ளர்தான். பிளெக்ஸ் பேனர் இல்ல. தேங்காய் போட்டுக் குடுக்குற பைய மட்டும் என்ன பண்ணுறதுன்னு தெரியாம இருந்துச்சு. அறுநூறு பை தைச்சுத் தருவீகளா?"

சங்கிலியம்மாள் அந்தப் பெண்ணின் கழுத்தில் கிடந்த சின்னச் சிலுவையைப் பார்த்தாள். வேதக்காரர் வீட்டுக் கல்யாணம். வேதக்காரருக்கு ஏது சனி, ஏது ராகு கேது. அவர்களுக்கு இது வெறும் துணிதானே என்று நினைத்தாள். இந்தப் பெண்ணோ, குளிக்க வந்தவர்கள் பழைய துணியைச் சோம்பேறித்தனத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்தாள். இருவரும் மற்றவருக்குத் தெரியும் என்று எண்ணிக்கொண்டார்கள். கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை.

"தாரேன் தாயி" என்றாள் சங்கிலியம்மாள்.

கல்யாணப் பை என்பதால் கறுப்பையும் நீலத்தையும் ஒதுக்கினாள். வெள்ளை வேட்டியாகப் பொறுக்கினாள். கடைச் சாயம் வேண்டாம், மஞ்சள் தூளும் நிறம் நிற்கப் படிகாரமும் போட்டு முக்கலாம் என்று ஷெரின் போனில் சொன்னாள். பழைய சட்டைகளின் பாக்கெட்டை வெட்டி எடுத்து, பைக்கு உள்பக்கம் ஒன்று வைத்துத் தைக்கச் சொன்னாள். மூன்று மாதம் சங்கிலியம்மாளின் கை முழங்கை வரை மஞ்சளாகவே இருந்தது. கூட வேலை செய்யும் கருத்தம்மாள், "என்னடி, கல்யாணம் ஒனக்கா அந்தப் பிள்ளைக்கா" என்று கேலி செய்தாள். பகலில் ஆறு, சாயங்காலம் அண்டா, அதற்குமேல் மிஷின். வீரணன் கட்டிலில் கிடந்தபடி நூல் பிசிறு வெட்டித் தந்தான். மூச்சு வாங்கினால் நிறுத்திவிட்டு, திரும்பவும் கத்தரியை எடுப்பான். இரண்டு பேருக்கும் இடுப்பு போய்விட்டது. ஆனாலும் அறுநூறாவது பையை மடித்து வைத்தபோது அவளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. குப்பைக் கிடங்கு செட்டுக்குள் ஜன்னல் இருக்குமா என்றுகூட யோசித்தாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே சின்னச் சின்னச் சீட்டுகள். ஒவ்வொரு பையின் பாக்கெட்டிலும் ஒன்று வைக்க வேண்டும். கருத்தம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்:

'இந்தப் பை, குச்சனூர் ஆற்றில் பக்தர்கள் விட்டுச்சென்ற ஆடைகளை மீட்டுச் செய்தது. இதைக் கையில் எடுக்கும் நீங்களும் அந்த ஆற்றைக் காப்பாற்றுகிறீர்கள். அன்புடன் ஷெரின் – ஜாஸ்பர்.'

படித்துவிட்டுக் கருத்தம்மாள் சீட்டைத் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் போட்டாள். வெளியே வீரணன் இருமிக்கொண்டிருந்தான்.

"வேதக்காரவுக கல்யாணந்தான" என்றாள் கருத்தம்மாள்.

"அவுக வேதக்காரவுக. கடைவீதிக்காரவுக அம்புட்டுப் பேருமா வேதக்காரவுக?"

சங்கிலியம்மாள் ஷெரினுக்குப் போன் செய்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "தாயி, அந்தச் சீட்டு கட்டாயம் வைக்கணுமா?" என்று கேட்டாள்.

"அதுதானக்கா முக்கியம். அது இல்லாட்டி எல்லாரும் சாதாப் பைன்னு நெனச்சு மூலைல போட்டுருவாங்க. ஒங்க பேரையும் போடணும்னு நெனச்சேன், எடம் பத்தல. நீங்கதான் வாசல்ல நின்னு எல்லாருக்கும் குடுக்கணும் அக்கா. ஒங்களுக்குச் சேலை எடுத்து வச்சிருக்கேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். இது போட்டுவிட்டுப் போன துணி இல்லை தாயி, சனியைத் தொலைத்துவிட்டுப் போன துணி என்று ஒரு வார்த்தை. சொன்னால் பை வேண்டாம் என்றாகிவிடும். செட்டு போய்விடும். வருகிற சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும் கண் முன்னால் வரிசையாக நின்றன. அவளுக்கு அவ்வளவு அசதியாக இருந்தது. "சரி தாயி" என்று போனை வைத்துவிட்டு, அறுநூறு சீட்டையும் அறுநூறு பாக்கெட்டில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

புதன்கிழமை கல்யாணம். தேவாலயத்தில் முடித்துக்கொண்டு மண்டபத்தில் சாப்பாடு. பாக்கு மட்டைத் தட்டில் ரசம் ஒழுகுகிறது என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். டம்ளர் கழுவுகிறவர்களுக்குக் கை ஓயவில்லை. ஷெரின் வெள்ளைச் சேலையில் மேடையில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம், போகும்போது பை வாங்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஞானசிகாமணி, தலையில் கட்டிய உருமாலை நிற்காமல் நழுவ, அதைப் பிடித்தபடி வாசலுக்கும் பந்திக்கும் நடந்துகொண்டிருந்தார். கடைவீதி மொத்தமும் வந்திருந்தது. பருப்பு மண்டி, ஏலக்காய் மண்டி, ஜவுளிக்கடை, நாட்டு மருந்துக்கடை. பாதிக்குமேல் திருநீறு நெற்றிதான்.

சங்கிலியம்மாள் பச்சைக் கைத்தறிச் சேலையில் வாசல் மேசைக்குப் பின்னால் நின்றாள். மஞ்சள் பைக்குள் தேங்காயும் ஆரஞ்சுப் பழமும். ஒவ்வொருவராக வந்து வாங்கினார்கள். கை நீட்டி, அவள் முகத்தைப் பார்த்து, சிரித்துவிட்டு வாங்கினார்கள். ஒரு அம்மா, "அழகா இருக்கே, நீயா தச்ச?" என்று கேட்டாள். இத்தனை முகங்களை அவள் மொத்தமாகப் பார்த்ததே இல்லை. இதில் எத்தனை பேரின் முதுகு தனக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அந்த நினைப்பை விட்டுவிட்டாள். பாதிப் பைக்குமேல் போய்விட்டது. யாரும் பாக்கெட்டுக்குள் கையைவிடவில்லை. பிழைத்துக்கொண்டோம் போலிருக்கிறதே என்று மூச்சு விட்டாள்.

ஏலக்காய் மண்டி சுயம்புலிங்கம் எதையும் படிக்காமல் வாங்காத மனிதர். தீப்பெட்டி வாங்கினாலும் எத்தனை குச்சி என்று பார்ப்பார். பையை வாங்கி, உள்ளே பார்த்து, பாக்கெட்டைப் பார்த்து, சீட்டை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். வாய்விட்டுத்தான் படிப்பார். குச்சனூர் என்று வந்ததும் குரல் தாழ்ந்தது. முடிக்கும்போது சத்தமே இல்லை.

ஏழரைச் சனி முடிந்து, போன மாதம்தான் அவர் வேட்டியை ஆற்றில் விட்டுவிட்டு வந்திருந்தார். அதைப் பக்கத்தில் நின்ற மச்சினர்தான் மெதுவாகச் சொன்னார்.

சுயம்புலிங்கம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. பையை மேசைமேல் வைத்தார், சூடான பாத்திரத்தை இறக்கிவைப்பதுபோல. கையை வேட்டியில் துடைக்கப் போனவர், துடைக்காமல் நிறுத்திக்கொண்டு, கை கழுவுகிற இடத்துக்குப் போனார். அவருக்குப் பின்னால் நின்ற பெண் பையை வைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் வாங்கவே இல்லை. செய்தி பந்திக்குப் போய், பந்தியிலிருந்து செருப்பு விடும் இடத்துக்குப் போய், காரில் ஏறியவர்களை இறக்கிவிட்டது. கால் மணி நேரத்தில் மேசைமேல் மஞ்சள் பைகள் குவிந்துவிட்டன. அவசரத்திலும் தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஒருவரும் அவளை ஏசவில்லை. அவள் கையைப் பார்த்தார்கள், மஞ்சள் ஏறிய கையை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஞானசிகாமணி அவளைச் சமையற்கட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு மூச்சிரைத்தது. கோபப்படத்தான் வந்தார், ஆனால் மகளின் கல்யாணத்தன்று கோபத்துக்கும் தெம்பு வேண்டுமே.

"எங்களுக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கெடையாதும்மா. ஆனா நாப்பது வருசமா அவுக மூஞ்சியில முழிச்சு யாவாரம் பண்ணுறேன். அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, பெங்களூர்ல இருந்துருச்சு. ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியுங்கய்யா."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவளிடம் பதில் இருந்தது. செட்டு, ஜன்னல், நாற்காலி என்று அந்த இடத்தில் சொன்னால் அது பதில் மாதிரி இருக்காது. தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர், யாராவது வருகிறார்களா என்று சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, வேறு ஏதோ ஒரு ஆள் கேட்பதுபோலக் கேட்டார். "அந்தத் துணியெல்லாம் நீதேன் அள்ளுறியா?"

"பதினோரு வருசமா நாந்தேங்கய்யா."

"ஒனக்கு ஒண்ணும் செய்யலையா?"

சங்கிலியம்மாள் யோசித்துப் பார்த்தாள். வீரணன் நெஞ்சு, முட்டி, சேற்றுப்புண், மழைக்கு ஒழுகுகிற மூலை. இவையெல்லாம் தெருவில் எல்லோருக்கும் உள்ளதுதான். இதில் எதைச் சனி கணக்கில் எழுதுவது.

"செஞ்சிருந்தா எனக்கு எப்பிடிங்கய்யா தெரியும்" என்றாள்.

சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். பிறகு யாரோ கூப்பிட, உருமாலையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். சங்கிலியம்மாள் பின்வாசல் வழியாக வெளியே வந்து சின்னமனூர் பஸ் ஏறினாள். பஸ்ஸில் பச்சைச் சேலையை எல்லோரும் பார்ப்பதுபோல இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை ஷெரின் போன் செய்தாள். அழுது முடித்த குரல். "எனக்கு யாருமே சொல்லல அக்கா. ஒரு அழுக்குத் துணிய நல்லதாக்குறோம்னுதான நெனச்சேன். அதுல என்னக்கா தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்ல தாயி. நாந்தேன் சொல்லிருக்கணும். பயந்துட்டேன்."

"நீங்க ஏன் பயப்படணும்?"

"போற எடத்துல நல்லா இரு தாயி" என்றாள்.

"நாங்க இன்னைக்குக் கெளம்புறோம். அந்தப் பை எல்லாம் அப்பாட்ட பத்திரமா வைக்கச் சொல்லிருக்கேன் அக்கா. பெங்களூர்ல குடுத்தா சந்தோசமா வாங்குவாங்க. ஒண்ணும் வீணாப் போகாது. அப்பா சரின்னுட்டாக."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் அன்றைய பொழுதைக் கழித்தாள். ஒன்றும் வீணாகாது. மூன்று மாத வேலை எங்கேயோ ஓர் ஊரில் யாரோ கையில் காய்கறி சுமக்கும். அது போதும் என்றுகூட நினைத்தாள். வெள்ளிக்கிழமை குருசாமி வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"காண்ட்ராக்ட்டர் காதுக்குப் போயிருச்சு சங்கிலி. ஒரு துணி வெளிய போகக் கூடாதுன்ட்டாக. அள்ளுன அன்னைக்கே எரிச்சிரணுமாம். செட்டு பேச்ச இனி எடுக்காத." அவருக்கும் முகம் நன்றாக இல்லை. "நாளைக்குக் கூட்டம் சாஸ்தியா இருக்கும்னு சொல்லுறாக. வெரசா வந்துரு."

கூட்டம் ஏன் அதிகமாக இருக்கும் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு விளங்கியது. தேனிக் கார்கள். இறங்கியவர்களில் பாதிப் பேரைப் புதன்கிழமை முகமாகப் பார்த்திருக்கிறாள். இன்று அவர்கள் அவள் பக்கம் திரும்பவில்லை. கல்யாணத்துக்கு உடுத்திவந்த நல்ல வேட்டியும் நல்ல சட்டையும் ஆற்றோடு போயின. செய்தி வருமுன்பே வீடு போய்ச் சேர்ந்தவர்கள் கையில் கூடவே ஒரு பிளாஸ்டிக் கவர். வாய் இறுக முடிச்சுப் போட்டு, சில பேர் முழுகட்டும் என்று கல்லும் வைத்துக் கட்டியிருந்தார்கள்.

கருத்தம்மாள் முதல் கவரை இழுத்துப் பிரித்தாள். மஞ்சள் பை. தேங்காய் இல்லை, ஆரஞ்சுப் பழம் இல்லை. பாக்கெட்டில் சீட்டு இருந்தது.

"கையால தொடாம கொண்டாந்திருக்காக பாரு" என்றாள் கருத்தம்மாள். "போன சனிக்கிழம துணி மட்டுந்தேன். இந்த சனிக்கிழம கவருஞ் சேந்து அள்ளணும்."

பத்து மணி இருக்கும். ஒரு லோடு ஆட்டோ படித்துறையை ஒட்டி வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து ஞானசிகாமணி இறங்கினார். கூடவே சுயம்புலிங்கமும் இன்னும் இரண்டு கடைக்காரர்களும் ஒரு காரில் வந்து, இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கிவைத்துக்கொண்டு பார்த்தார்கள். சங்கிலியம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். ஆட்டோவில் நாலு பெரிய கவர். பாத்திரக்கடையில் அண்டாவுக்குப் போடுகிற கனத்த பாலிதீன் கவர். உள்ளே மஞ்சள் தெரிந்தது.

அவர் கூலி ஆளை ஏவவில்லை, தானே தூக்கினார். கார்க்காரர்கள் பார்க்க வேண்டும் அல்லவா. ஒவ்வொரு கவராகப் படியில் உருட்டித் தண்ணீரில் தள்ளினார். மூன்றாவதைத் தள்ளும்போது அவளைப் பார்த்துவிட்டார். புதன்கிழமை சாப்பிட்டாயா என்று கேட்ட அதே முகம். ஏதோ சொல்ல வாய் திறந்தார். காரில் ஹாரன் அடித்தது. நாலாவது கவரையும் தள்ளிவிட்டு நிமிர்ந்து, நெஞ்சை ஒருமுறை தடவிக்கொண்டு, திரும்பினார்.

கவர் ஒன்று படியில் பட்டுக் கிழிந்திருந்தது. பைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து விரிந்தன. படிகாரம் போதவில்லை போலிருக்கிறது, மஞ்சள் கரைந்து அவள் இடுப்பைச் சுற்றித் தண்ணீர் நிறம் மாறிக்கொண்டே வந்தது. சங்கிலியம்மாள் கைக்கு எட்டிய ஒரு பையைப் பிடித்தாள். வீரணன் மூச்சு வாங்கியபடி வெட்டிய நூல் பிசிறு ஞாபகம் வந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள், அந்தப் பெண்ணிடம் சரி என்று சொன்னீர்களே என்று கேட்க நினைத்தாள். கேட்டு என்ன ஆகப்போகிறது.

"ஐயா" என்று கூப்பிட்டாள்.

அவர் மேல்படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தக் கவர மட்டுமாச்சும் எடுத்துட்டுப் போங்கய்யா."

அவருக்குக் காது கேட்டது. கால் ஒரு படியில் நின்றது. நம்பிக்கை இல்லாத மனிதர், ஐதீகம் தெரிந்த மனிதர். திரும்பிப் பார்க்காமல் நடந்து ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

கருத்தம்மாள் கரையிலிருந்து கொக்கிக் கம்பை நீட்டினாள். பையும் கவரும் ஷட்டர் பக்கம் போவதற்குள் பிடிக்க வேண்டும். சங்கிலியம்மாள் கம்பை வாங்கிக்கொண்டு ஆழத்துப் பக்கம் நடந்தாள்.